சீனிக்கு நாலாவது ஊசி

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் சந்தனமேரி சேலையைக்கூட மாற்றாமல் வீட்டு நாய் சீனிக்கு உண்ணி எடுக்க உட்கார்ந்துவிடுவாள். காலிடுக்கு, காது மடல், வயிறு என்று விரல் விட்டுத் துழாவி, எடுத்ததை மண்ணெண்ணெய்க் கிண்ணியில் போடுவாள். அப்படித் துழாவும்போதுதான் ஒரு நாள் கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. உண்ணி இல்லை, அழுத்தினால் நழுவியது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். சந்தனமேரி அதை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

அவள் சுபாவம் அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் அவளுக்கு வேலை. தறி பழுதாகி நின்றால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள்; இவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் புருசன் பால்துரை வாங்கித் தந்த டைம்பீஸை அந்த வாரமே பிரித்துப் போட்டுவிட்டாள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. "நல்லவேளை, என்னையப் பிரிக்காம விட்டா" என்று அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்வார்.

சீனி, ராஜபாளையம் என்று ஊர்ப் பேராலேயே விலைபோகிற வெள்ளை நாய் ஜாதி. காது கேளாததால் வாங்க ஆளில்லாமல் இவர்களிடம் சும்மா வந்தது. அந்த ஜாதியில் அது ஒன்றும் அதிசயமில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாகத் தரையில் காலால் தட்டுவார்கள். அதிர்வு பட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். இருந்தாலும் பேர் இல்லாமல் எப்படி என்று சீனி என்று வைத்தார்கள்.

கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆனபோது, துணிக்கட்டு ஏற்றிப் போகிற டெம்போவில் நாயைப் படுக்கவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து, வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மாட்டு டாக்டர் அழகியமணவாளன் தடவிப் பார்த்தார்.

"வெட்டி எடுத்துடலாம்மா."

"நானும் கூட நிக்கலாமா சார்?"

"மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா யாரை முதல்ல பார்க்கிறது?"

"தறியில விரல் போன புள்ளைகளைத் தூக்கிட்டு ஓடியிருக்கேன் சார். எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகவில்லை. பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ரத்தத்தை ஒற்றிய துணியைக்கூட விடவில்லை. இத்தனை வருசம் மைல் கணக்கில் நெய்து தள்ளியது கடைசியில் இப்படித்தான் நனையுமா என்று பார்த்தாள். எடுத்த கட்டியை டாக்டர் தட்டில் வைத்துக் குறுக்கே அறுத்தார். கத்தி கறுக்கென்றது.

"எலும்பு" என்றார்.

"எலும்பா? வயித்துத் தோலுக்கடியில எலும்பு எப்படி சார் வந்துச்சு?"

"சில கட்டியில வரும். ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாதும்மா."

கேட்டு வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற பால்துரை நாயைப் பார்க்க மனமில்லாமல் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் முடிந்தது. நாய் விழிக்கவில்லை. "சீனி! சீனி!" என்று டாக்டர் கூப்பிட்டார். காதருகில் கைதட்டினார். கண்ணை விரித்து டார்ச் அடித்தார். அவர் நெற்றி வேர்த்துவிட்டது. பால்துரை கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட ஆரம்பித்தார். அப்போதுதான் சந்தனமேரிக்கு உறைத்தது.

"ஐயோ சார், அதுக்குக் காது கேக்காதே!"

"இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? இவ்வளவு நேரமா நான் யாரைக் கூப்பிட்டுட்டிருக்கேன்?"

"எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும் சார். தனியாச் சொல்லணும்னு தோணலை."

மேசையில் முட்டியால் தட்டினாள். வால் நுனி லேசாக அசைந்தது. டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார்.

சோதனைக்காக மெட்ராசுக்கு அனுப்பிய கட்டித் துண்டுக்கு வந்த பதிலில் சிரிக்க ஒன்றுமில்லை. புற்று, அதிலும் பரவுகிற ஜாதி. மனுசருக்குப் போடுகிற ஊசியையே வாரம் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கொஞ்ச காலம் தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம்.

முதல் ஊசிக்கு வாந்தி எடுத்தது. இரண்டாவதுக்கு மீசை முடி உதிர்ந்தது. சந்தனமேரி அதைத் தீப்பெட்டியில் சேர்த்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, உடம்பு முடி அப்படியே இருக்க மீசை மட்டும் ஏன் போகிறது என்று விசாரித்தாள். ராத்திரி அதன் விலாவில் கை வைத்தபடிதான் தூங்கினாள். கஞ்சி புகட்டுவதும் வாந்தியைக் கழுவுவதும் பால்துரை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. மீன் தலையை மூக்கருகில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலால் தட்டினால் கண்ணை மட்டும் திறந்தது.

நாலாவது ஊசி நாளில் டெம்போ வாசலில் வந்து நின்றது. சந்தனமேரி நாயைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு வேண்டாம்" என்றார் பால்துரை.

"நாலு போட்டாத்தான் குணம் தெரியும்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"தெரியலாம்னாரு. நானும் பக்கத்துலதான நின்னேன்."

"மூணைப் போட்டுட்டு இப்ப விட்டா, பட்டதெல்லாம் வீணாப் போகும்."

"பட்டது அது. நீயா பட்ட?" சொல்லிவிட்டு அவர் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அது பொழைக்கணும்னு தூக்கிட்டுப் போறியா? இல்ல, அடுத்து என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா?"

முடிச்சுப் போட்ட கை நின்றது. கோபம் வரும் என்று அவளும்தான் எதிர்பார்த்தாள், வரவில்லை. அவர் கேட்டதையே அவளும் உள்ளுக்குள் திருப்பிப் பார்த்தாள். சீனி எலும்பும் தோலுமாய் அவள் மடியில் கிடந்தது. தாடையை அவள் மணிக்கட்டில் சாய்த்திருந்தது.

வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுட்டி."

சந்தனமேரி நாயைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவரைப் பார்க்காமல் வெளியே போய் டெம்போவில் ஏறினாள்.