தீமிதிப்பு நாளில் மங்கிய நட்சத்திரம்

யுத்தம் முடிந்த பிறகுதான் கற்பிட்டிக் கடற்கரையில் தொலைநோக்கியை நிறுத்தி வைக்க எனக்குத் துணிவு வந்தது. அதற்கு முன்பு குழாயைக் கடல் பக்கம் திருப்பினாலே நேவிக்காரன் வந்து நிற்பான். தெற்கே உடப்பு ஊரில் எனக்கொரு கூட்டாளி இருந்தான். என்னைப் போலவே விஞ்ஞான ஆசிரியன், என்னைப் போலவே வானத்துப் பைத்தியம்.

அந்த வருடம் விருச்சிகத்துப் பக்கம் ஒரு நோவா வெடித்தது. நோவா என்றால் ஒரு நட்சத்திரமல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றும் சோடியில் சின்னது, பெரியதிடமிருந்து வாயுவை உறிஞ்சிச் சேர்த்து ஒருநாள் வெடிக்கும். வெடித்த வெளிச்சம் தணிந்து வரும்போது, பெரியது குறுக்கே வரும் நேரமெல்லாம் ஒளி குறைந்து மீளும். அந்தக் குறைவுகளுக்கு இடையிலான நேரம் தெரிந்தால், சோடி எவ்வளவு நெருக்கமாகக் குடும்பம் நடத்துகிறது என்று சொல்லிவிடலாம்.

பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் கண்ணால்தான் அளந்தோம். கண் பிழைக்கும், மெல்லிய முகிலும் ஏமாற்றும். அதற்காகத்தான் இரண்டு ஊர், இரண்டு பேர். கண்டதை ஒருவருக்கொருவர் கதைப்பதில்லை. வான அவதானிகள் பதியும் இணையப் பக்கத்தில் அவரவர் அளவை அவரவர் போடுவோம்.

ஒளி குறைந்ததை முதலில் கண்டபோது இரண்டு தரம் சரிபார்த்தேன். என் அளவைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனுடையதும் வந்தது, அதே குறைவோடு. அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. எப்போதும் என்னுடையதை விட ஒரு பொட்டுக் கூடும், அல்லது குறையும். உடப்பில் அப்போது அம்மன் கோயில் திருவிழா. அதற்குள்ளும் வானத்தை விடவில்லையே என்று மனைவியிடம் அவனைப் புகழ்ந்து தள்ளினேன்.

திருவிழா முடிந்ததும் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு பஸ் ஏறினேன். தேத்தண்ணீர் தந்த அவன் மனைவி, இந்த முறை அவர் தீ மிதித்தவர் என்று பெருமையாகச் சொல்லி, ஃபோனில் வீடியோவைக் காட்டினார். மஞ்சள் வேட்டியோடு தணலில் நடந்துகொண்டிருந்தான். காப்புக் கட்டியதிலிருந்து தீமிதிப்பு முடியும்வரை கோயிலில்தான் படுக்கை, வீட்டுப் பக்கமே வரவில்லை என்றார். அவனுடைய தொலைநோக்கி அறையின் மூலையில் உறை போட்டபடி கிடந்தது. தீமிதிப்பு நாளுக்கும் அவனுடைய அளவு இணையத்தில் இருந்தது.

வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"உன்ட கண் பிழைக்காது எண்டு எனக்குத் தெரியும் மச்சான். அதுதான் உன்டதைப் பாத்துப் போட்டன்."

"என்ட கண் பிழைச்சா சொல்றதுக்குத்தானேடா நீ இருந்த."

அவன் என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தான். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பார்த்து எழுதியதைக் கூட மன்னித்திருப்பேன். அசலாகத் தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தானே, அதை எப்படி மன்னிப்பது?

அவனுடைய அளவுகளை நீக்கச் சொன்னேன், நீக்கினான். அந்த இரவுகளில் வேறு யாரும் அளந்திருக்கவில்லை, என்னுடையது மட்டும் தனியே நின்றது. அதற்குள் நோவா எங்கள் குழாய்களுக்கு எட்டாத அளவுக்கு மங்கிவிட்டது. நான் கண்டது பெரிய நட்சத்திரம் குறுக்கே வந்ததையா, கற்பிட்டி முகிலையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என்னாலும்தான்.