சிவப்புத் தொப்பி நகராத எழுபத்தெட்டு நொடி

மெர்ல் யோஸ்ட்டைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று ஒரு வருடம் பார்த்தேன். எங்கள் ஊர் கிரேடனில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. சரி, பைப் ரிப்பேர் செய்கிற நானே எழுதித் தொலைக்கிறேன்.

வார நாட்களில் மெர்ல் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் இருப்பான். அறுவடைக் காலத்தில் லாரி மேல் லாரியாக வந்து நிற்கும். ஒரு கிலோ கூடவும் எழுத மாட்டான், குறைக்கவும் மாட்டான். அவன் மனைவியின் தம்பியே ஒருமுறை கெஞ்சிப் பார்த்தான். "மச்சான் எல்லாம் வீட்டுல வச்சுக்க. இங்க லாரி லாரிதான்," என்று சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டான். அந்தத் தம்பி இரண்டு வருடம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரவில்லை. மெர்ல் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை கல்லூரி ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் மாட்டி முட்டி மோதுகிற எங்கள் நாட்டு ஃபுட்பால், மேட்ச் என்றால் அவன் தலையில் சிவப்புத் தொப்பி ஏறிவிடும். டிவியில் விளம்பரம் ஓடும்போது ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற ஆள் அவன்தான். மைதானத்துக்குள் நடந்து போய், நடுவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். காதில் ஹெட்போன். வெளியே நிற்கும் டிவி டிரக்கிலிருந்து "வா" என்று சொன்னதும் கோட்டுக்கு வெளியே வருவான். அவன் வந்தால்தான் நடுவர் விசில் ஊதலாம். இருபது வருடமாக அவனுக்குப் பத்தடி தூரத்தில், பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். சொன்ன நொடிக்கு ஒரு நொடி தாண்டி அவன் நின்று நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் கடைசி உள்ளூர் மேட்சில், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும், அந்த வருடம் செத்துப்போன ரசிகர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பழைய பள்ளிக்கூட மணி ஒருமுறை அடிக்கும். கூட்டம் எழுந்து நிற்கும். முன்பெல்லாம் வாசித்து முடிக்கிற வரை ஆட்டம் காத்திருக்கும். டிவி வந்த பிறகு அந்த இடைவேளை இரண்டரை நிமிடம் என்று ஆனது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அதிலும் முதல் ஒன்றரை நிமிடத்தை மைதான ஒலிபெருக்கி விளம்பரத்துக்கு விற்றுவிட்டார்கள். மிச்சம் ஒரு நிமிடம். மெர்ல் வெளியே வந்த மறு நொடி சவுண்டுக்காரன் மைக்கை அணைத்துவிடுவான். பெயர்களை A முதல் Z வரை வரிசையாக வாசிப்பதால், Y, Z என்று கடைசியில் இருக்கிறவர்கள் வருடா வருடம் விட்டுப்போனார்கள். கேரி ஜிம்மரின் அப்பா பெயர் அப்படித்தான் போனது. கேரி அன்றிலிருந்து மெர்லோடு பேசுவதில்லை. கோதுமையோடு வருவான், சீட்டை வாங்குவான், போய்விடுவான்.

மெர்லின் மனைவி ஜோலீனுக்கு இது பொறுக்கவே இல்லை. மேட்ச் முடிந்து அவர்கள் காரில்தான் நானும் திரும்புவேன். பின்சீட்டில் உட்கார்ந்து வருடம் தவறாமல் இந்தச் சண்டையைக் கேட்டிருக்கிறேன்.

"கால் நிமிஷம் நின்னா உன் கால் ஒடிஞ்சா போயிடும்?"

"டிரக்ல வரச் சொல்றாங்க. வர்றேன்."

"அவங்க என்ன உன் மாமியாரா? ஜிம்மர் தாத்தா அம்பத்தோரு வருஷம் ஒரே சீட்ல உக்காந்தாரு, மனுஷா! அவர் பேரைச் சொல்ல நாலு செகண்டு இல்லையா?"

"எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஜோலீன்."

"உன் கணக்குல இடி விழ. நம்ம பேரு யோஸ்ட், அதுவும் வரிசைல கடைசிதான். நான் செத்தாலும் இதே கதிதான், யோசிச்சுப் பாத்தியா?" என்று கேட்டு, என் பக்கம் திரும்பி, "ரஸ், நீயாவது சொல்லேன்," என்பாள். நான் ஜன்னல் வழியே கோதுமை வயலைப் பார்ப்பேன்.

பிறகு அந்த லீக் கூத்து வந்தது. எங்களோடு ஒரே லீக்கில், ஒரே போட்டிக் கூட்டணியில், ஆடிய கடற்கரைப் பக்கத்துப் பெரிய கல்லூரிகள் நான்கு, கிழக்கே ஒரு பணக்கார லீக்குக்கு ஓடிப்போயின. அங்கே டிவிக்காரன் கொட்டிக் கொடுக்கிறானாம். எண்பது மைல் தள்ளியிருக்கும் எங்கள் பரம வைரி பெல்மோர் கல்லூரியும் அதில் ஒன்று. காபிக் கடையில் அன்று பேச்சே வேறில்லை.

"நூறு வருஷமா நம்மளோட உருண்டு பொரண்டவனுங்கய்யா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனானா?"

"நம்ம ஊர்ல எத்தனை டிவி இருக்கு? அதை எண்ணிப் பாத்துட்டுத்தான் விட்டுட்டுப் போயிருக்கான்."

"அடுத்த வருஷம் நம்ம பசங்க யாரோட ஆடுவாங்க?"

"ரஸ்ஸோட சங்கிலிக் கோஷ்டியோட."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் லீக் உடைந்து, நாங்கள் போய்ச் சேரவிருந்த சின்ன லீக்கை எந்தச் சேனலும் வாங்கவில்லை. டிவி இல்லாத இடத்தில் சிவப்புத் தொப்பிக்கு என்ன வேலை? நவம்பரில் பெல்மோரோடு கடைசி மேட்ச். அதோடு மெர்லின் தொப்பியும் முடிந்தது.

அதே வருடம் ஏப்ரலில் ஜோலீன் செத்துப்போனாள். காலையில் தோட்டத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இதயம். மெர்ல் நான்காம் நாளே எடைமேடைக்கு வந்துவிட்டான். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. நானும் சொன்னேன், பொய் சொல்வானேன்.

கடைசி மேட்ச் அன்று காலை, பெயர் வாசிக்கும் கார்லாவிடம் மெர்ல் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினான். நானும் கூட இருந்தேன். மேட்ச் அன்று மைதானத்தில் விற்கும் புத்தகங்களின் பின்னட்டைகள், ஏழு வருடத்துக்கானவை. விட்டுப்போன பெயர்களை வருடா வருடம் ஜோலீன் அதில் எழுதி, சமையலறை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் பத்தொன்பது பெயர்.

"முதல்ல இதைப் படி. அப்புறம் இந்த வருஷத்துப் பதினாலு. ஜோலீன் கடைசி."

கார்லா மிரண்டு போனாள். "மெர்ல், எனக்கு இருக்கறது ஒரு நிமிஷம். இந்தப் பழசே முடியாது. நீ எப்பவும் மாதிரி வந்துட்டா, இந்த வருஷம் செத்தவங்க ஒருத்தர் பேரும் வராது. ஜோலீன் பேரும் வராது. ஊரே என்னை மென்னு துப்பிடும்."

"படி."

"நீ நிப்பியா?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.  மச்சானுக்கு ஒரு கிலோ விட்டுக்கொடுக்காதவன் டிவிக்காரனிடம் ஒரு நொடி திருடுவானா? நான் நம்பவில்லை.

மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தோம். மெர்ல் நடந்து போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கியில் டிராக்டர் விளம்பரம், இன்சூரன்ஸ் விளம்பரம். பிறகு கார்லாவின் குரல். முதல் பெயரிலேயே கூட்டம் குழம்பியது, ஏழு வருடத்துக்கு முன்னால் செத்தவர் ஆயிற்றே. மணி அடித்தது. பிறகு புரிந்துகொண்டார்கள். கேரி ஜிம்மர் மூன்றாவது வரிசையில் இருந்தான். அப்பா பெயர் வந்தபோது தொப்பியைக் கழற்றி வாயை மூடிக்கொண்டான்.

பதினான்காவது பெயரில் ஒரு நிமிடம் முடிந்தது. "மெர்ல், வா," என்று டிரக்கிலிருந்த டாம்சின் என்ற பெண் கூப்பிட்டது எனக்கே கேட்டது. குளிருக்கு அவன் தொப்பியை இழுத்துவிட்டு, ஒரு பக்க ஹெட்போனை வெளியே தள்ளியிருந்தான்.

அவன் நகரவில்லை.

"மெர்ல், வெளிய வா. விளம்பரம் முடிஞ்சாச்சு, நேரடிப் படம் போயிட்டிருக்கு. காது கேக்குதா? யோவ் மெர்ல்!"

நடுவர் கிட்டே வந்தார். "போலாமா?"

"இன்னும் சொல்லலை சார்," என்றான் மெர்ல். நான் அவன் வாயில் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அவன் நிற்கிற வரை விசில் இல்லை. இரண்டு பக்கப் பையன்களும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பெல்மோர் பையன் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான், அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் டிவிக்காரன் அதைத்தான் காட்டினான். நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயர்கள் போயின, மணியோடு.  கடைசியாக "ஜோலீன் யோஸ்ட்" என்றாள் கார்லா. மணி அடித்து ஓய்கிற வரை மெர்ல் நின்றான். வாட்சைப் பார்த்தான், வெளியே வந்தான்.

மேட்ச் தோற்றோம். கேரி வேலிப் பக்கம் வந்து மெர்லிடம் கையை நீட்டினான். டாம்சின் டிரக்கிலிருந்து இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஹெட்போனை வாங்கிக்கொண்டு, "தொப்பியை நீங்களே வச்சுக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

காரில் இப்போது முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். மெர்ல் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"எழுபத்தெட்டு செகண்டு, ரஸ்."

"இருக்கட்டும் விடு."

"போன வருஷம் நின்னிருக்கலாம். அவ இருபதாவது வரிசையில உக்காந்து என்னையேதான் பாத்துட்டிருந்தா."

 அவன் அழுது முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தேன், பிறகு வண்டியை நான்தான் ஓட்டினேன்.