கம்பிவேலிக்குக் கதியால் போட்ட மனுசன்

காணி அளக்கிற சேவையருக்கு ரெண்டு பக்கத்து வேலிக்காரரிட்டையும் பேச்சு வாங்கிறதுதான் தொழில். எங்கடை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில அதுக்கு மூண்டாவது பக்கம் ஒண்டும் இருக்கு, அது இராணுவத்தின்ரை முள்ளுக்கம்பி. காணி இருந்தும் அதில கால் வைக்க ஏலாமல் இருக்கிறவையே, உங்களுக்கு நான் புதுசா ஒண்டும் சொல்லப்போறேல்லை. பக்கத்தில இருந்து புலம்பத்தான் வந்தனான்.

சண்டைக்காரர் சேர்ந்து வந்தது

மயிலிட்டியில குணமண்ணையும் தங்கராசா அண்ணையும் அடுத்தடுத்த காணிக்காரர். ஒரு முழ நிலத்துக்காக இளந்தாரி வயசிலயே வழக்குப் போட்டுக் கோடேறி, முகம் பாக்காமல் திரிஞ்சவை. பிறகு யுத்தம் வந்து ஊரே எழும்பி ஓடினது. வழக்கும் முடியேல்லை, காணியும் ஆமிக்காரன்ரை கம்பிக்குள்ள போயிட்டுது.

கன வருசம் கழிச்சு ஒருநாள் காலமை ரெண்டு பேரும் ஒரே மோட்டச்சைக்கிளில என்ரை கந்தோருக்கு வருகினம். எனக்கெண்டால் கண்ணை நம்பேலாமல் கிடந்தது. குணமண்ணைக்கு ஒரே மகள், வாணி. வட்டுக்கோட்டையில வாடகை வீட்டில பிறந்து வளர்ந்த பிள்ளை, கலியாணம் பேசியாச்சு. அந்தக் காணியை அவளுக்குச் சீதனமா எழுதிப்போட்டு, தான் கண்ணை மூடமுன்னம் அவள் அந்தக் கிணத்தில தண்ணி அள்ளிறதைப் பாக்கவேணும். மனுசனுக்கு அது ஒண்டுதான் ஆசை. நெஞ்சு வருத்தக்காரர் வேற. நொத்தாரிசு பத்திரம் எழுதிறதெண்டால் நான் அளந்து பிளான் கீறவேணும். "வழக்குக் காணிக்கு எந்த எல்லையை நான் போடுறது?" எண்டு கேட்டன். தங்கராசா அண்ணை நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "அந்த முழத்தையும் இவரின்ரை பக்கம் போட்டு விடு தம்பி. ஆமிக்காரன் வைச்சிருக்கிற நிலத்துக்கு நானும் இவரும் ஏன் அடிபடுவான்?"

கம்பிக்கு இங்காலை

உள்ளுக்குப் போக அனுமதி கிடைக்கேல்லை. எண்டாலும் விடாமல், கருவியைத் தூக்கிக்கொண்டு குணமண்ணையோட கம்பியடிக்குப் போனன். "அந்தா கிணத்துக்கட்டு தெரியுது! அந்த மாமரம் நான் வைச்சது!" எண்டு மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் கையைக் காட்டிறார். காவலுக்கு நிண்ட சிங்களப் பெடியன், பாவம், இருபது வயசு வராது. தெரிஞ்ச தமிழில மெல்லமாக் கேட்டான்: "ஐயாட காணி எண்டா, ஐயா ஏன் வெளிய நிக்கிறது?"

அரசாங்கத்தின்ரை நிலைப்பாடு

பிறகு காணிக்காரருக்கு ஒரு கூட்டம் வைச்சினம். கொழும்பில இருந்து வந்த அதிகாரி நல்ல மரியாதையான மனுசன், நல்ல தமிழும் கதைச்சார். அந்த வேலி சட்டப்படி சரியோ எண்டு குணமண்ணை எழும்பிக் கேட்டார். அதிகாரி நிலைப்பாட்டை விளங்கப்படுத்தினார். காணியை அரசாங்கம் எடுக்கேல்லை, உரிமை உங்கடைதான். எடுக்காத காணிக்கு நட்டஈடு இல்லை. அந்தக் கம்பி எல்லையுமில்லை, தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாடு மட்டும்தான். பாதுகாப்புக்குத் தேவை எண்டபடியால் இப்போதைக்கு எடுக்கவும் ஏலாது.

நானும் எல்லைகளோட சீவிக்கிறவன்தான். இப்பிடி ஒரு எல்லையை நான் எந்தப் பிளானிலயும் காணேல்லை. குணமண்ணை திரும்பவும் எழும்பிக் கேட்டார்: "சட்டத்தில இல்லாத வேலி எண்டால், சேர், அது ஏன் என்ரை காலில குத்துது?"

ஆடு வந்தது

கடைசியில ஒருமாதிரிக் கம்பியைப் பின்னுக்குத் தள்ளிச்சினம். குணமண்ணையின்ரை காணியில சரிபாதி வெளியில வந்தது. வீடிருந்த இடத்தில அத்திவாரம் மட்டும். கிணறும் மாமரமும் அங்காலை. கிடைச்சதே போதும் எண்டு மனுசன் ஓடிப்போய் ஒரு கொட்டில் போட்டு, பயித்தங்காய் நட்டார். கம்பிக்குக் கீழால நூந்துகொண்டு வந்த ஆடுகள் கொடியை ஒட்ட மேய்ஞ்சு போட்டுதுகள். யாழ்ப்பாணத்தான் வேற என்ன செய்வான்? கிளுவை மரத்தில கதியால் தடியள் வெட்டிக்கொண்டு வந்து, கம்பி நெடுக நெருக்கமா ஊண்டி விட்டார். மாரி மழைக்கு எல்லாம் துளிர்த்திட்டுது.

நான் அப்ப பருத்தித்துறையில ஒரு வேலையா நிண்டிட்டன். வந்து பாத்தால் கம்பி நெடுகப் பச்சை வேலி நிக்குது. எங்கடை வழக்கத்தில கதியால் ஆர் போட்டதோ வேலி அவரின்ரை, எல்லையும் அதுதான். கோட்டு வழக்கில கூட முதல் கேள்வி கதியாலைப் பற்றித்தான். நான் பயந்தபடியே நடந்தது. பாக்க வந்த அதிகாரிமார் பச்சை வேலியைக் கண்டிட்டு, காணிக்காரரே உயிர்வேலி போட்டு எல்லையை ஏற்றுக்கொண்டிட்டார், இனி இஞ்சாலை பிரச்சினை இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம். "உங்களுக்கென்ன விசரே அண்ணை? உவங்கள் எல்லை இல்லையெண்டு சொன்னதை நீங்களே எல்லையாக்கிப் போட்டியளே! இப்பவே பிடுங்குங்கோ!" எண்டு கத்தினன். மனுசன் ஒரு கதியாலைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார். வேர் விட்டிட்டுது. கையை எடுத்திட்டார். "ஆடு வந்தது தம்பி, அதுதான் போட்டனான். துளிர்த்ததைப் பிடுங்கச் சொல்லாதை, எனக்குக் கை வராது."

வாணி வந்தது

அடுத்த மாரியைக் குணமண்ணை காணேல்லை. அந்தக் கொட்டிலுக்குள்ளயே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சவர் எழும்பேல்லை. சாம்பல் அள்ளிற காடாத்துக்கு நிண்ட தங்கராசா அண்ணை குழறினதை நான் இன்னும் மறக்கேல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட வாணி என்ரை கந்தோருக்கு வந்தாள். வழக்குப் போடுவம், கிணத்தை விடேலாது பிள்ளை எண்டு நான் துள்ளினன். அவள் அழேல்லை. அழுதிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "வேண்டாம் மாமா. அப்பா போட்ட வேலி வரைக்கும் அளந்து தாங்கோ, எனக்கு அது காணும்."

இப்பிடித்தான் ஐயாமாரே, சட்டத்தில இல்லாத அந்த வேலியைக் கிழக்கு எல்லை எண்டு என்ரை கையாலயே கீறிக் குடுத்திட்டு, நானும் ஒரு சேவையர் எண்டு பலகை மாட்டிக்கொண்டு இருக்கிறன்.