அம்மாவின் முக உயரம்

அம்மா சிரித்தால் முந்தானை வாய்க்குப் போகும். முன்பற்கள் விழுந்தபோது நான் சின்னப் பிள்ளை. மற்றவையும் பின்னாலேயே போயின. அதற்கு முன் அவள் எப்படிச் சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை. கல்யாணப் போட்டோவிலும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கள்ளிக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் போர்டில் என் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. அதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் தினமும் உள்ளே போவேன். அங்கே அம்மாவை உட்காரவைத்துப் பல்செட் கட்ட வேண்டும், அவள் வாய் திறந்து சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்து ஆசை. இந்த வருஷம்தான் சம்மதித்தாள்.

பல்லே இல்லாத வாயில், மேல்வரிசையும் கீழ்வரிசையும் எந்த உயரத்தில் சேர வேண்டும் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் முகத்தை அளப்போம். அதற்கு ஒரு எவர்சில்வர் கேஜ் உண்டு. அதன் ஒரு கை மூக்கின் அடியில், நகரும் கை மோவாய்க்குக் கீழே. தாடை தளர்ந்திருக்கும்போது கிடைக்கும் அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கழித்தால் பற்கள் சேரும் உயரம்.

அம்மா கேஜைப் பார்த்ததும் சிரித்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி ஒன்றில், இரும்புத் துண்டுகளின் ஓட்டைக்குள் கேஜை விட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"எங்க கம்பெனில உள்ள பூந்தா ஓகே, பூரலன்னா ரிஜெக்ட்டு. நா இன்னாடி?"

"நீ ஓகேதாம்மா. ஆடாம உக்காரு."

ஆனால் கேஜ் கிட்டே வந்ததும் உதடுகள் இறுகிக்கொண்டன. மறைத்து மறைத்துப் பழகிய வாய். அளவு ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது. அதை நம்பிக் கட்டினால் முகம் இப்படியே சுருங்கிக் கிடக்கும்.

'அம்மா' என்று சொல்லி முடித்தால் தாடை தானாகத் தளரும். எல்லோரையும் சொல்லச் சொல்வோம்.

"அம்மான்னு சொல்லும்மா."

"நா உன்ன அம்மான்றதா? நல்லா கீதுடி நாயம்."

மறுபடி சிரிப்பு, மறுபடி முந்தானை. கேஜ் நழுவியது.

கேஜைக் கீழே வைத்துவிட்டு, புது சூப்பர்வைசர் எப்படி என்று கேட்டேன். அவ்வளவுதான். அவன் நடை, அவன் செண்ட்டு, டீ டைமில் அவன் வாட்சைப் பார்ப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி ஓய்ந்து மூச்சு வாங்கினாள். வாய் தன்னை மறந்திருந்தது. அளந்துவிட்டேன்.

மெழுகில் பற்களை வைத்து மாட்டிப் பார்த்த அன்று கண்ணாடியைக் கொடுத்தேன். ஒட்டிய கன்னம் எழும்பியிருந்தது, மேலுதடு நிமிர்ந்திருந்தது. அளவு சரி. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது, ஷோக்கா கீறா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் குனிந்து பார்ப்பதற்குள், கழுத்தில் கட்டியிருந்த துணி வாய்க்குப் போய்விட்டது.

பல்செட் வந்து மாதங்கள் ஆகின்றன. இப்போது கறியை மென்று தின்கிறாள். சாயங்காலம் கம்பெனி வேன் வரும் நேரத்துக்குச் சில நாள் தெருமுனையில் போய் நிற்கிறேன். ஜன்னல் ஓரத்தில் பக்கத்து சீட்டுக்காரியோடு பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறாள், முந்தானைக்குப் பின்னால்.

"கைய எடேம்மா," என்றால், "பழகிப் பூட்ச்சிடி," என்கிறாள்.