கிளோறியா போட்ட பூட்டு

ஹோர்சன்ஸ் நகரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அருள்நாயகி, ஐம்பத்திரண்டு வயதில் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கட்டுரை அனுப்பியாக வேண்டும். மகள் கிளோறியா விட்டுப்போன மடிக்கணினியின் பழைய டிஸ்க் பழுதாகியிருந்ததால், புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கைத் தானே பொருத்தினாள். அதில் நிறுவ, லினக்ஸ் இயங்குதளம் இருந்த யூ.எஸ்.பி.யையும் செருகினாள். ஆனால் கணினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று சொல்ல, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனால், அது பாஸ்வேர்ட் கேட்டது. டிஸ்க்கை மாற்றியும் போகாத அந்தப் பூட்டைப் போட்டவள் கிளோறியா.

தன் செய்திகளை அம்மா களவாகப் படித்தாள் என்று கோபித்து, தொலைவிலுள்ள இஷொய் நகருக்குப் போனவள் அவள். ஐந்து மாதமாகப் பேச்சில்லை. அந்தத் தாயே இப்போது பாஸ்வேர்ட் கேட்பதா? அருள்நாயகி மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அது நீங்கள் பாக்கக்கூடாதெண்டு போட்டது," என்றாள் மகள்.

"ஓம் பிள்ளை, தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். வந்து நீயே அடிச்சுவிடு. நான் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறன்."

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "ஒரு பாஸ்வேர்ட் அடிக்க மூண்டு மணித்தியாலம் ரெயினிலை வரவோ அம்மா? எழுதுங்கோ."

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். யூ.எஸ்.பி.யைத் தொடங்கும் வரிசையில் முதலாவதாக ஏற்றிச் சேமிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். "இனி அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கோ."

"இல்லை, கிடக்கட்டும். அது உன்ரை பூட்டு."

திரையில் லினக்ஸ் வந்தபோது அருள்நாயகிக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. நிறுவி முடியும்வரை கிளோறியா தொலைபேசியை வைக்கவில்லை.