விசாலம் விட்டுவிட்ட பூஜ்யங்கள்

போன வெள்ளிக்கிழமை காலை கரமனையிலிருந்து விசாலத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா. தூக்கத்துலேயே" என்றார். நம் கணிப்பொறிப் பிரிவில் அவளோடு இருந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அழுதபடிதான் உட்கார்ந்தேன், ஆனால் அவளை நினைத்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மழைக் கணக்கை அட்டைகளில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் விசாலம், எண்களின் கடைசியில் வரும் பூஜ்யங்களைத் துளைக்காமல் விட்டுவிடுவாள். வெற்றிடத்தை அந்த இயந்திரம் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். "அதுக்கே தெரியறது, நான் வேற எதுக்கு அடிக்கணும்?" என்பாள்.

பல வருஷம் கழித்துப் புது இயந்திரம் வந்தது. "கார்டு வேலையொக்கெ இனி வேண்டா மேடம், அது பழங்கதை" என்றார் கூடவே வந்த இளம் என்ஜினீயர். அட்டைகளில் இருந்ததை அப்படியே புதியதில் ஏற்றி, பொன்முடி மலையிலிருந்து இறங்கும் கல்லாற்றில் கட்டவிருந்த பாலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அறிக்கை கையெழுத்துக்குப் போக இருந்த அன்று விசாலம் அதைப் புரட்டினாள்.

"என்னடி இது? கர்க்கடக மாசத்துல, அடைமழை நாள்ல, பொன்முடியில பன்னிரண்டு மில்லிமீட்டர்தானா? யாராவது நம்புவாளா?"

பழைய அட்டையை எடுத்துப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். புது இயந்திரம் வெற்றிடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை, நூற்றிருபது பன்னிரண்டாகியிருந்தது. அந்த உயரத்தில் கட்டியிருந்தால் முதல் பெருமழையிலேயே பாலம் மூழ்கியிருக்கும்.

நேரே இயக்குநரிடம் போனாள். "தப்பு என்னுது சார். பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல பூஜ்யத்தை விட்டுட்டேன்."

நான் கதவருகே நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மலையாளத்தில் கேட்டார்: "என்னிட்டு, பஸ் கிட்டியோ?" அப்புறம் பஸ் கிடைத்ததா என்பதுதான் அவர் கேள்வி.

மூன்று வாரம் உட்கார்ந்து எல்லா எண்களையும் சரிசெய்தோம். பாலம் உயர்ந்தது. புது இயந்திரத்துக்கான வகுப்பில் விசாலம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"அப்போ நாம படிச்சதெல்லாம் வீணாப் போச்சா?" என்று கேட்டேன்.

"பாதி போச்சுடி. அந்தப் பாதிக்குப் புதுசாப் படிச்சுண்டாப் போறது. பொன்முடி மழை எவ்வளவுன்னு எந்த மெஷின் வந்தாலும் நாமதானே சொல்லணும்?"

செய்த தப்பை என்னுடையது என்று உரக்கச் சொல்லும் அவளுடைய தைரியத்தில் கொஞ்சம் என்னிடம் ஒட்டியிருக்கிறது. திங்கட்கிழமை நம் பிரிவுக்கு மேஜை மேல் வைக்கும் சின்னக் கணிப்பொறிகள் வருகின்றன. எனக்கு ஓய்வுபெற நாலு வருஷம்தான் இருக்கிறது. வகுப்புக்கு முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.