பச்சை வண்டி அக்காவுக்குக் கிடைத்த டிப்ஸ்

அந்தத் தீவின் படகுத்துறையில் வரிசையாக நிற்கும் டாக்சிகளில் ஒன்று மட்டும் பச்சை. அதை ஓட்டியவள் ஒரு பெண். மற்ற டிரைவர்கள் எல்லோரும் ஆண்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலுக்குக் கூப்பிட்டது, பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

டாக்சிக்கு வருமுன் அக்கா ஒரு ஓட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. இயந்திரச் சூட்டில் தலைமுடி எப்போதும் நெற்றியில் ஒட்டிக்கிடக்கும். ஒருநாள் துணி வேன் ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். “யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று மேனேஜர் கேட்டதும், அண்ணனிடம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட அரைகுறை ஓட்டத்தை நம்பி அக்கா கையைத் தூக்கிவிட்டாள். ரிவர்ஸ் எடுத்ததில் வாசல் பூந்தொட்டி ஒன்று சுக்குநூறாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவள் சலவை அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதலில் வேன், பிறகு கடன் வாங்கிய பச்சை கார்.

அவள் கணவர் அதே ஓட்டலில் ரொட்டி சுடுகிறவர். காரில் உட்கார்ந்தாலே அவருக்குத் தலை சுற்றும், குமட்டும். “பொண்டாட்டி ஊரையே கார்ல கூட்டிட்டுப் போறா, நான் சைக்கிள்ல போறேன்” என்று அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

டிப்ஸ் விஷயத்தில் அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஆள் பர்ஸைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. கண்ணாடியைத் துடைக்கிறமாதிரி வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுக்கிறவர் தாராளமாகக் கொடுக்கட்டும், கொடுக்காதவர் கூச்சமில்லாமல் போகட்டும். சிலர் வழியெல்லாம் அவள் பிள்ளைகுட்டி விவரம் வரை விசாரித்துவிட்டு, இறங்கும்போது “நாளைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவோம்” என்பார்கள். அந்த நாளை வந்ததேயில்லை. ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் இடமில்லாததையெல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள்: பாதி தீர்ந்த வெயில் கிரீம், ஓலைத் தொப்பி, ஒருமுறை ஒரு காற்றடைத்த ரப்பர் முதலைகூட. அந்த முதலையைக் கொல்லையில் போட்டு, அதன் முதுகில்தான் கணவர் பகல் தூக்கம் போட்டார்.

அப்படி ஒரு சுற்றுலா சீசனில்தான் அந்தத் தம்பதி படகிலிருந்து இறங்கினார்கள். அவர் இஸ்திரி கலையாத சட்டை போட்டவர், நரைத்த மீசை. அந்த அம்மாள் கையில் ஒரு ஆளையே உள்ளே வைக்கலாம் போன்ற பை. கலங்கரை விளக்கம் பார்க்க வேண்டும் என்று அக்காவின் வண்டியில் ஏறினார்கள்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே அக்கா கண்ணாடியில் ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு வளைவிலும் அந்த மனிதரின் வலது கால் தரையை அழுத்தியது. எதிரே லாரி வந்தால் அவர் தோள் இடப்பக்கம் சாய்ந்தது. மேட்டில் ஏறும்போது “செகண்டு கியர்... செகண்டு...” என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

“சார், நான் வேகமாப் போறேனா?” என்று அக்கா கேட்டாள்.

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. அருமையா ஓட்டறீங்க.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். “அவரை விடும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து டாக்சிதான் ஓட்டறாரு. இன்னிக்குத்தான் முதல்தடவையா பின்னாடி உக்காந்து வர்றாரு. பொண்ணு டிக்கெட் எடுத்துக் குடுத்து, போயே ஆகணும்னு அனுப்பி வச்சா.”

“அட, நம்மாளா!” அக்காவுக்கு முகமெல்லாம் பல். அந்த நொடியே ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? கிளட்ச் விலை, கதவை ஓங்கி அறைந்து சாத்துகிறவர்கள், குடித்துவிட்டு வீட்டு விலாசத்தை மறந்துபோகிறவர்கள் என்று பேசித் தீரவில்லை.

பேச்சு சுவாரசியத்தில் ஒரு கூரிய கல்லை அக்கா கவனிக்கவில்லை. மலைப்பாதையின் நடுவில் பின் டயர் புஸ்ஸென்று படுத்துவிட்டது. அக்கா இறங்குவதற்குள் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிக்கி அருகே நின்றார்.

“அண்ணே, நீங்க லீவுக்கு வந்திருக்கீங்க. போய் உக்காருங்க.”

“என்னால அங்க உக்கார முடியலம்மா. கை அரிக்குது. கொஞ்சம் விடேன்.”

அவர் ஜாக்கி வைத்துத் தூக்க, அக்கா நட்டுகளைக் கழற்ற, இருவரும் கல்யாணப் பந்தலில் ஓடியாடி வேலை செய்கிறவர்கள் போல ஆனார்கள். இஸ்திரிச் சட்டை கரியாயிற்று. “இதுக்குத்தானே இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தோம்” என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்க்கவில்லை.

கலங்கரை விளக்கம் பார்த்துத் திரும்பிய பிறகு, சாயங்காலம் அவர்கள் தங்கிய விடுதி வாசலில்தான் ரகளை தொடங்கியது. அண்ணன் வாடகையோடு கனமான டிப்ஸையும் சேர்த்து நீட்டினார். அக்கா வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“டயர் மாத்துனது நீங்க. நியாயமாப் பார்த்தா நான்தான் உங்களுக்கு டிப்ஸ் தரணும்.”

“அது எப்படிம்மா? எனக்கு எத்தனை பேர் குடுத்திருக்காங்க தெரியுமா? வாழ்க்கையில ஒருதடவையாவது குடுக்கற பக்கம் நிக்கலாம்னு ஆசையா வந்திருக்கேன். அதைக் கெடுக்காதே.”

“டிரைவர்கிட்ட டிரைவர் வாங்கறதா? ஸ்டாண்டுல என்னைச் சேர்த்துப்பாங்களா?”

அவர் நோட்டை டாஷ்போர்டில் வைத்தார். அவள் அதை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகினாள். அவர் மறுபடி எடுத்தார். விடுதிக்காரர் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் அந்த அம்மாள் இடையில் புகுந்தாள்.

“போதும், ரெண்டு பேரும் நடுத்தெருவுல மல்லுக்கட்டாதீங்க. ஏம்மா, இவருக்கு ஏதாவது தரணும்னு சொன்னியே? வந்ததுலேர்ந்து உன் ஸ்டியரிங்கையே முறைச்சுப் பாத்துட்டு வர்றாரு. காலையில கொஞ்ச தூரம் ஓட்டக் குடு. நீ எங்கூடப் பின்னாடி உக்காரு. ஓட்டக் குடுக்கறது அவருக்கு டிப்ஸ், அவர் ஓட்டறது உனக்கு டிப்ஸ்.”

அண்ணன் வெட்கத்தில் நெளிந்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா தன் சொந்த வண்டியின் பின் சீட்டில் முதல்முறையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் “ஆ!” என்று துள்ளினாள். சீட்டுக்குள்ளிருந்த ஸ்பிரிங் ஒன்று நேராக இடுப்பில் குத்தியது. ஜன்னலை இறக்கப் பார்த்தாள். கைப்பிடி அசைந்து கொடுக்கவில்லை.

“அண்ணி, நேத்து பூரா இதுலயா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே!”

“பழகிப்போச்சும்மா. எங்க வண்டியும் இப்படித்தான்.”

“கடவுளே, இதுல உக்காந்து வந்துட்டு எனக்கு டிப்ஸும் குடுத்தாங்களே ஜனங்க!” என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

வண்டி கடலோரச் சாலையில் திரும்பியதும் சிரிப்பு நின்றது. அந்தச் சாலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாள். பள்ளம் எங்கே, நாய் எங்கே படுத்திருக்கும், எல்லாம் தெரியும். ஆனால் வளைவுக்குக் கீழே வெள்ளைக் கல் பரவிய அந்தச் சின்னக் கரை இருப்பது தெரியாது. அங்கே தண்ணீர் அடிமணல் தெரியும்படி அசையாமல் கிடந்தது. ஒரு படகின் நிழல் அந்த மணலில் தெளிவாக விழுந்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றாள். இதுவரை பயணிகள்தான் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்ச தூரம் போனதும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஒரு சுற்றுலாக்காரர் கையை ஆட்டி வண்டியை மறித்தார். படகைப் பிடிக்க வேண்டுமாம். “ஏத்திக்கங்க அண்ணே” என்றாள் அக்கா. அந்த மனிதர் முன் சீட்டில் ஏறி, அண்ணனை உள்ளூர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

“தூரத்துல தெரியுதே, அது என்ன தீவு?”

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அதுவா? அது பக்கத்துத் தீவுங்க” என்றார் தெளிவாக. பின் சீட்டில் பெண்கள் இருவரும் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

படகு கிளம்புவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனிதர் வாடகையைக் கொடுத்து, மேலே கணிசமாக டிப்ஸும் வைத்து, “உங்க ஊர் ரொம்ப அழகுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மொத்தத்தையும் பின்னால் நீட்டினார். அக்கா வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“டிப்ஸ் ஓட்டினவருக்கு. எங்க ஸ்டாண்டு சட்டம்.”

“லீவுக்கு வந்து சம்பாதிச்ச ஒரே ஆள் நீங்கதான்” என்றாள் அவர் மனைவி. அந்தக் காசில் மூவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி, துறையின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஸ்டாண்டு டிரைவர்கள் சும்மா விடவில்லை. புது டிரைவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பதி ஊர் திரும்பிய அன்றே அக்கா வண்டியைப் பட்டறையில் விட்டு, சீட்டையும் கைப்பிடியையும் சரிசெய்தாள். வீட்டுக்கு வந்து அந்த வெள்ளைக் கல் கரையைப் பற்றிக் கணவரிடம் ஓயாமல் பேசினாள்.

“அவ்வளவு அழகா இருக்கா? எனக்குத்தான் காரே ஆகாதே” என்றார் அவர்.

“காருக்கு யாரு கூப்பிட்டா? சைக்கிளை எடுங்க.”

விடுமுறை நாளன்று அவர் மிதிக்க, அக்கா கேரியரில் உட்கார்ந்துகொண்டு போனாள். மேடு வந்த இடத்தில் மட்டும் இறங்கி இருவரும் தள்ளினார்கள்.